முடிவுறாத வழக்குகள்: இலங்கையின் ஜனநாயகமும் பத்திரிகைச் சுதந்திரமும்

(அறந்தாங்கியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பேசும் பொருளைத் தெரிந்தெடுக்கும் உரிமையை அறக்கட்டளையார் எனக்கே விட்டுக்கொடுத்தபோது, போர் ஓய்ந்த இலங்கையில் ஜனநாயகமும் பத்திரிகைச் சுதந்திரமும் எந்நிலையில் உள்ளன என்பதைப் பற்றியே பேச விரும்பினேன். அதனைப் பேசுவதற்கு இவ்வூரைக் காட்டிலும் தகுதி வாய்ந்த இடங்கள் தமிழகத்தில் அதிகம் இல்லை. இங்கிருந்து கிழக்கே சென்றால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்னும் துறைகள். அத்துறைகளுக்கு அப்பால் பாக் நீரிணை. நீரிணையின் மறுகரையில் யாழ்ப்பாணம். இவ்வூருக்கு அணித்தாயுள்ள அழியாநிலையில், அந்நாட்டிலிருந்து உயிர் தப்பி வந்த மக்களும் அவர்கள் வயிற்றில் இம்மண்ணிலேயே பிறந்த மக்களும் பல்லாண்டுகளாக முகாமில் வாழ்ந்து வருகின்றனர். 1930ஆம் ஆண்டில் கொழும்பு நகரிலே தொடங்கப்பெற்று இன்றளவும் வெளிவரும் 'வீரகேசரி' நாளிதழை நிறுவிய சுப்பிரமணியம் செட்டியார், நமக்கு அயலிலுள்ள ஆவணிப்பட்டியிலிருந்து சென்றவர். அதன் ஆசிரிய பீடத்தில் சில காலம் அமர்ந்து எழுதியவர் நம் வ. ரா. ஆதலின் அந்நாட்டுப் பத்திரிகையின் கதியை அயலார் வீட்டுச் செய்தியாகக் கேட்டுவிட்டுப் போக நம்மால் இயலாது.

நான் சொல்ல வந்தது ஒன்றே. இலங்கையில் தேர்தல்கள் நடக்கின்றன. ஆட்சிகள் வாக்குச் சீட்டினால் மாறுகின்றன. தோற்றவர் இறங்கிப் போகவும் செய்கின்றனர். ஆசியாவின் பல நாடுகளுக்கு வாய்க்காத இப்பேறு அந்நாட்டுக்குப் பெரும்பாலும் வாய்த்திருக்கிறது. ஆயினும், எழுதியதற்காகக் கொல்லப்பட்ட ஒருவனது வழக்குகூட நீதிமன்றத்தில் தண்டனையோடு முடிவடையாத ஒரு நாட்டில், எழுதுகின்றவன் கை ஒவ்வொரு நாளும் தயங்கவே செய்யும். அத்தயக்கம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. எனினும் எழுதப்பட்ட சட்டங்கள் அனைத்தையும்விட அது வலிமை மிக்கதாய், ஆட்சி மாறினும் தான் மாறாது நிற்கிறது. ஜனநாயகத்தை வாக்குப் பெட்டியைக் கொண்டு மட்டும் அளக்கின்றவர்கள் இந்த ஒன்றைக் காணத் தவறிவிடுகிறார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

அந்நாட்டின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பாதிரிமாரின் ஆதரவில் 'உதயதாரகை' என்னும் தமிழ்ப் பத்திரிகை 1841ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வெளிவந்தது. தமிழ்ப் பத்திரிகைத் தொழிலின் ஆதி முயற்சிகளுள் அதுவும் ஒன்று. 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியலமைப்பின் கீழ், இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் இலங்கையில் வாக்குரிமை வழங்கப்பட்டபோது, நம் நாட்டில் சொத்தும் படிப்பும் உடைய சிலருக்கே அவ்வுரிமை இருந்தது. வயது வந்தோர் யாவரும் வாக்களித்த பொதுத் தேர்தலை நாம் காண அதற்குப் பின் இருபது ஆண்டுகள் ஆயின. இத்தகைய தொடக்கம் பெற்ற நாடு, சுதந்திரம் அடைந்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி, புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் திருச்சி, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் சென்று தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய தொழிலாளரின் சந்ததியார் ஏறக்குறைய ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கிற்று. அடுத்த ஆண்டில் அவர்களது வாக்கும் போயிற்று. ஜனநாயகத்தின் முதல் விரிசல் அங்கே விழுந்தது என்று நான் கருதுகிறேன். பெரும்பான்மையின் வாக்கைக் கொண்டே ஒரு சிறுபான்மையின் வாக்கைப் பறிக்கலாம் என்பதை அந்நாட்டு அரசியல்வாதிகள் அப்போது கற்றுக்கொண்டார்கள். கற்றதை அவர்கள் பின்னர் மறக்கவேயில்லை.

பத்திரிகையின் மீது அரசின் கை விழுந்ததும் போருக்கு முன்பே. 1973ஆம் ஆண்டில், 'லேக் ஹவுஸ்' என்று வழங்கும் மிகப் பெரிய பத்திரிகை நிறுவனம் தனிச் சட்டத்தால் அரசின் வசமாயிற்று. 'தினகரன்' முதலாகிய அதன் ஏடுகள், அன்று தொட்டு எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தக் கட்சியின் குரலையே ஒலித்து வருகின்றன. அதே ஆண்டில் பத்திரிகைப் பேரவைச் சட்டமும் வந்தது. 1979ஆம் ஆண்டில், தற்காலிக ஏற்பாடு என்ற பெயரோடு பயங்கரவாதத் தடைச் சட்டம் பிறந்து, மூன்றே ஆண்டுகளில் நிரந்தரச் சட்டமாயிற்று. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் எரியூட்டப்பட்ட அந்நாட்களில், 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகம் எரிந்ததை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அச்சுக்கூடம் எரிந்ததைப் பலரும் மறந்துவிட்டனர். பழைய எழுத்தை அழித்தவர்கள், நாளைய எழுத்தையும் சேர்த்தே அழிக்க முற்பட்டார்கள் என்பதை இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றி விளங்கிக்கொள்ள முடியாது.

அடுத்த ஆண்டில், பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி, பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டித்துக் கொண்டார்கள். தமிழருக்கு எதிரான 1983 ஜூலையின் கொடுமைகள் அதனைத் தொடர்ந்தன. அவற்றை இவ்வவையினர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அவற்றின்பின் மூண்ட போரின் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை எவ்வாறு உயிர் வாழ்ந்தது என்பதை மட்டும் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். 1985ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'உதயன்' நாளிதழ், பொருளாதாரத் தடையினால் அச்சுத்தாள் கிடைக்காத காலத்தில், பள்ளிப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளில் அச்சாகி வெளிவந்தது. கோடுகளுக்கு மேலேறிய எழுத்தைக் கூர்ந்து நோக்கியே மக்கள் செய்தியை வாசித்தார்கள். 2006ஆம் ஆண்டில், உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தை ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் கொழும்பில் கொண்டாட ஏற்பாடு செய்திருந்தது; பல நாட்டுப் பிரதிநிதிகளும் வந்து குழுமியிருந்த வேளையில், விழாவுக்கு முதல் நாளாகிய மே மாதம் 2ஆம் தேதி இரவு, ஆயுததாரிகள் 'உதயன்' அலுவலகத்தினுள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் உயிரிழந்தனர். குண்டுகள் பாய்ந்த சுவரை அவர்கள் பூசி மறைக்காமல் அப்படியே விட்டு வைத்தார்கள். இறந்தவர்களின் படங்களையும் அங்கேயே மாட்டி வைத்தார்கள். மறுநாள் காலையிலும் பத்திரிகை வெளிவந்தது. அதன் ஆசிரியர் கானமயில்நாதன், வெளியே நடமாடினால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில், ஆண்டுக்கணக்காக அந்த அலுவலகத்தினுள்ளேயே உண்டு உறங்கி, அங்கிருந்தே நாளேட்டை நடத்தினார். ஓர் ஆசிரியன் தன் நாற்காலிக்கே சிறைப்பட்டுப் பத்திரிகை நடத்திய இச்செய்தி, தமிழ்ப் பத்திரிகைத் தொழிலின் சரித்திரத்தை எழுதப் புகும் எவரும் விட்டுவிடத் தகாத ஒன்று.

நிமலராஜனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயில்வாகனம் நிமலராஜன் பி.பி.சி.யின் தமிழ், சிங்கள ஒலிபரப்புகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பியவர். 2000ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துப் பொதுத் தேர்தலில் நிகழ்ந்த முறைகேடுகளைப் பற்றி அவர் செய்தி தந்தார். தேர்தல் முடிந்து ஒன்பதாம் நாள், 19ஆம் தேதி இரவு, ஊரடங்கு அமலில் இருந்த நேரத்தில், படையினரின் காவல் மிகுந்த பகுதியிலிருந்த தம் வீட்டில் அவர் எழுதிக்கொண்டிருந்தபோது சன்னல் வழியே சுடப்பட்டு மாண்டார். வீட்டினுள் கைக்குண்டும் எறியப்பட்டது; அத்தாக்குதலில் அவருடைய பெற்றோரும் காயமுற்றனர். வாக்குப் பெட்டியில் நடந்த முறைகேட்டை வெளியிட்டவனுக்கு அந்த முடிவு நேர்ந்ததென்றால், வாக்குரிமையும் எழுத்துரிமையும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்பவை என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா? இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபட்ட அவ்வழக்கில், சந்தேக நபர்களை விடுவிக்குமாறு 2021ஆம் ஆண்டில் சட்டமா அதிபர் திணைக்களம் அறிவித்துவிட்டது.

திருகோணமலையில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி மாலை, கடற்கரையில் கூடியிருந்த தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த வெடிகுண்டு வெடித்தே அவர்கள் இறந்தார்கள் என்று அதிகாரத் தரப்பினர் கூறினர். சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்னும் செய்தியாளர் அவ்வுடல்களைப் படம் பிடித்தார். 'சுடர் ஒளி'யில் வெளியான அப்படங்கள், அருகிலிருந்து சுடப்பட்ட காயங்களை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. பொய் தகர்ந்தது. அதே மாதம் 24ஆம் தேதி காலையில் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் பதின்மூவரும் 2019ஆம் ஆண்டில் விடுதலையாயினர். படம் எடுத்தவரைக் கொன்ற வழக்கோ விசாரணை என்ற அளவைக்கூட எட்டவில்லை. பத்திரிகையாளர் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொலையுண்டதும், பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே மாதம் மட்டக்களப்பில் சுடப்பட்டதும் இவ்வாறே முடிவுறாத கதைகள். போரின் கடைசி ஆண்டுகளில் மாண்ட, மறைந்த ஊடகத்தார் நாற்பதுக்கும் மேற்பட்டோர் என்றும், அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர் என்றும் அந்நாட்டு ஊடகவியலாளர் அமைப்புகளின் பட்டியல்கள் கூறுகின்றன.

இவ்விடத்தில், தமிழன் என்ற முறையில் நான் சொல்லக் கடமைப்பட்ட ஒன்றுண்டு. குற்றம் ஒரு தரப்பினுடையது மட்டும் என்று கூறிவிட்டு இம்மேடையிலிருந்து இறங்குவது உண்மைக்குத் துரோகமாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவ ஆசிரியையும், தம் சமூகத்துள் ஆயுதம் தாங்கிய எல்லோருடைய கொடுமைகளையும் அஞ்சாது பதிவு செய்தவருமான ராஜனி திராணகம, 1989ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். கவிஞர் செல்வி 1991ஆம் ஆண்டில் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டு, மீளவேயில்லை. விடுதலையின் பெயரால் வாய்களை அடைத்தவர்களும் நம்மவரே என்பதை நாம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டால்தான், மற்றவரை நோக்கி நியாயம் கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.

2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. போர் முடிந்தால் போர்க்காலச் சட்டங்களும் போர்க்கால அச்சமும் நீங்கும் என்று எண்ணியவர்கள் பலர். நடந்ததைப் பாருங்கள். போர் முடிந்த மூன்றாம் மாதத்தில், ஆகஸ்டு 31ஆம் தேதி, ஆங்கிலத்தில் எழுதிவந்த தமிழ்ப் பத்திரிகையாளர் திசைநாயகத்துக்கு, மாத இதழொன்றில் எழுதிய கட்டுரைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இருபது ஆண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உலகம் கண்டித்தபின், அடுத்த ஆண்டில் பிணையும் பின்னர் மன்னிப்பும் அளிக்கப்பட்டன. மன்னிப்பு வழங்கப்பட்டதேயன்றி எழுதியது குற்றமல்ல என்று எவரும் சொல்லவில்லை. 2010ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பாக, கேலிச்சித்திரக்காரரும் கட்டுரையாளருமான பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில், ஒருவர் இருமுறைக்கு மேல் ஜனாதிபதியாகலாகாது என்ற வரம்பை அரசியலமைப்பின் பதினெட்டாம் திருத்தம் அகற்றியது. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் பதவி நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் 'உதயன்' அலுவலகத்தை மீண்டும் தாக்கி, அச்சு இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். வெற்றி பெற்ற அரசு தன் வெற்றியைப் பற்றிய வரலாற்றைத் தானே எழுத விரும்பியது. வேறொரு வரலாற்றை எழுதக்கூடிய பேனாக்களை அது பகையாகக் கண்டது.

சிங்கள மக்களிடையேயும் சத்தியத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் உண்டு என்பதை நம் மேடைகளில் போதுமான அளவு நாம் சொல்வதில்லை. 'சண்டே லீடர்' வார இதழின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, போரின் ஆரவாரம் உச்சத்தில் இருந்த காலத்தில், அரசின் ஆயுதக் கொள்முதல் ஊழலையும் போரின் மனித விலையையும் பற்றித் தளராது எழுதியவர். 2009ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி காலையில், அலுவலகத்துக்குக் காரில் சென்றுகொண்டிருந்த அவரை மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் வழிமறித்துத் தாக்கிக் கொன்றனர். தாம் கொல்லப்படுவோம் என்பதையும் கொல்பவர் யாராயிருப்பர் என்பதையும் முன்னரே அறிந்தவராய் அவர் எழுதி வைத்திருந்த தலையங்கம், அவர் இறந்த மூன்றாம் நாள் அவருடைய பத்திரிகையில் வெளிவந்தது. எக்னெலிகொடவின் மனைவி சந்தியா, கணவருக்கு நேர்ந்ததைக் கேட்டு ஆண்டுக்கணக்காக நீதிமன்றத்தின் படிகளில் ஏறி இறங்கியதோடு நில்லாமல், வடக்கிலே தம் மக்களைத் தேடும் தமிழ்த் தாய்மாரின் போராட்டங்களிலும் வந்து நின்றார். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலருகே பந்தலிட்டு அமர்ந்த அத்தாய்மார், பிள்ளைகளின் படங்களை மடியில் ஏந்தி, வெயிலும் மழையும் பாராது, ஆயிரக்கணக்கான நாட்கள் அப்போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். பதிலைக் கேளாமலே இறந்து போனவர் அவர்களுள் பலர்.

2015ஆம் ஆண்டு ஜனவரியில் ஆட்சி மாறியபோது சிறிது காற்று வீசியது. அதனை மறைத்துச் சொல்லலாகாது. பத்தொன்பதாம் திருத்தம் தகவல் அறியும் உரிமையை அடிப்படை உரிமையாக்கிற்று. 2016ஆம் ஆண்டில் அதற்கான சட்டமும் வந்தது. தெருவோரங்களில் மரணத்தை எதிர்பார்த்து நடந்த நிருபர்கள் ஓரளவு நிமிர்ந்து நடந்தார்கள். லசந்தவின் உடல் 2016ஆம் ஆண்டில் தோண்டியெடுக்கப்பட்டு மறு பரிசோதனைக்கு உள்ளாயிற்று. எக்னெலிகொட வழக்கில் இராணுவப் புலனாய்வுப் பிரிவினர் மீது குற்றப்பத்திரிகையும் தாக்கலாயிற்று. ஆயின் வழக்குகள் தொடங்கினவேயன்றி முடியவில்லை. 2019ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் ஆட்சி மாறியதும், வழக்கை நடத்தியவர்களே வழக்குக்கு உள்ளாகும் நிலை ஏற்பட்டது. ஆட்சி மாறுந்தோறும் நீதி ஒருபடி ஏறுவதும் இருபடி இறங்குவதுமாய் இருக்குமானால், நீதிமன்றத்தை நம்பி எவன் பேனாவைக் கையிலெடுப்பான்?

அக்காலத்தில் நேர்ந்த ஒன்று கவிதையை நேசிக்கும் எவரது நெஞ்சையும் சுடக்கூடியது. மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம், 2017ஆம் ஆண்டில் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளையும் கொண்டிருந்த அந்நூலையே வன்முறைப் பிரசாரமெனக் கருதி, 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்தனர். ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவர் காவலில் கழித்தார். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. தமிழில் கவிதை எழுதிய ஒருவன், தமிழ் தெரிந்த ஒருவரது நியாயமான வாசிப்புக்காக அத்தனை காலம் காத்திருக்க நேர்ந்தது.

2022ஆம் ஆண்டில் மக்கள் வீதியில் இறங்கினர். ஜூலை மாதத்தில் ஜனாதிபதி நாட்டை விட்டோடிப் பதவி துறந்தார். சிங்களவர் 'அரகலய' என்றழைக்கும் அப்போராட்டம் பெரும்பாலும் கைப்பேசிகளின் வழியே வளர்ந்தது. அதனாலேயே பின்வந்த அரசு 'நிகழ்நிலைக் காப்புச் சட்டம்' என்ற ஒன்றைக் கொண்டுவந்து, எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவினிடம் ஒப்படைத்தது. அச்சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிய நாள் 2024ஆம் ஆண்டு ஜனவரி 24. சுகிர்தராஜன் சுடப்பட்டதும் எக்னெலிகொட மறைந்ததும் அதே தேதியில்தான். அந்நாட்டு ஊடகத்தார் அம்மாதத்தைக் 'கறுப்பு ஜனவரி' என்று அனுஷ்டிப்பதில் வியப்பென்ன?

2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பரில் அவரது கட்சி 225 ஆசனங்களில் 159ஐக் கைப்பற்றியது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் தமிழ்க் கட்சிகளை முந்தியது. தெற்கின் கட்சியொன்றுக்கு வடக்கின் தமிழர் அவ்வாறு வாக்களித்தது ஒரு பெரிய நம்பிக்கையின் வெளிப்பாடு. அந்த நம்பிக்கைக்கு ஈடாகக் கிடைத்தது என்ன? பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக வாக்களித்தவர்கள் ஆட்சியில் இருந்தும், 2025ஆம் ஆண்டு முழுவதும் அச்சட்டம் நடைமுறையிலேயே இருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில், லசந்த வழக்கின் சந்தேக நபர் மூவரை விடுவிக்கலாமெனச் சட்டமா அதிபர் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியபின் அதனை நிறுத்தி வைத்தார். யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் நிலத்தை அகழ்ந்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், அவற்றுள் குழந்தைகளுடையவையும் சேர்ந்து, வெளிப்பட்டன. அவ்வகழ்வைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டிவந்த முல்லைத்தீவுப் புகைப்பட ஊடகவியலாளர் ஒருவரை, ஆகஸ்டு மாதத்தில், பயங்கரவாத விசாரணைப் பிரிவினர் அழைத்துப் பல மணி நேரம் கேள்வி கேட்டனர். மண்ணுக்குள் கிடந்த உண்மையை வெளிக்கொணரும் பணியில் இருப்பவனைச் சந்தேக நபரைப் போல் நடத்தும் மனப்பான்மை, மக்கள் புதிய அரசைத் தேர்ந்தெடுத்த பின்னரும் திணைக்களங்களில் அவ்வாறே நீடிக்கிறது. வட மாகாண சபைக்கு 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் முதல் தேர்தல் நடந்தது. 2018ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் ஆயுள் முடிந்தது. 2019ஆம் ஆண்டில் எஞ்சிய சபைகளின் ஆயுளும் முடிந்தபின் எந்த மாகாணத்துக்கும் சபை இல்லை, ஆளுநர்களே ஆளுகிறார்கள். தேர்தலை நடத்தாமலிருப்பதும் தேர்தலைக் களவாடுவதன் ஒரு வகைதான்.

கொலைகாரரைத் தண்டிப்பது இயலாத காரியமா? பிலிப்பைன்ஸ் நாட்டின் மாகிந்தனாவ் மாகாணத்தில் 2009ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி ஐம்பத்தெட்டுப் பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டனர்; அவர்களுள் முப்பத்திருவர் பத்திரிகையாளர். கொன்றவர்கள் அம்மாகாணத்தை ஆண்ட செல்வாக்குமிக்க குடும்பத்தார். பத்தாண்டு விசாரணைக்குப் பின், 2019ஆம் ஆண்டு டிசம்பரில், அக்குடும்பத்தின் முக்கியஸ்தர்கள் ஆயுட்காலச் சிறை பெற்றனர். அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி ஒழிந்து இரண்டே ஆண்டுகளில், 1985ஆம் ஆண்டில், தளபதிகளே குற்றவாளிக் கூண்டில் நின்றனர். அந்நாடுகள் குற்றமற்ற நாடுகள் அல்ல. பிலிப்பைன்ஸில் பின்னரும் பத்திரிகையாளர் கொல்லப்பட்டிருக்கின்றனர். எனினும் ஒரு தீர்ப்பு உண்டாயிற்று என்ற செய்தி, எழுதுகின்றவனுக்கும் கொல்ல நினைப்பவனுக்கும் ஒருங்கே எட்டிற்று.

இத்தனையும் கூறிவிட்டு நம் நாட்டைப் பற்றி வாய்மூடி இருப்பது நேர்மையாகாது. 1975ஆம் ஆண்டு ஜூன் மாதத்து நெருக்கடி நிலையில், தணிக்கை அதிகாரியின் முத்திரையின்றி ஒரு வரியும் அச்சேறாத காலத்தை இவ்வவையிலுள்ள முதியோர் அறிவர். அவதூறு வழக்கில் பத்திரிகையாளனைச் சிறைக்கு அனுப்பும் குற்றவியல் பிரிவை இலங்கை 2002ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. நாமோ பழைய தண்டனைச் சட்டத்தை மாற்றிப் புதிய சட்டம் இயற்றியபோதும் அப்பிரிவைக் கைவிடவில்லை. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் இலங்கை 139ஆம் இடத்தில் இருக்க, இந்தியா 151ஆம் இடத்தில் இருந்தது. அத்தகைய பட்டியல்களின் கணக்குமுறை பற்றி வாதிடலாம். வெட்கப்பட வேண்டிய இடத்தில் வாதத்தில் இறங்குவது எனக்கு உடன்பாடில்லை. அழியாநிலை முகாமில் வாழ்கின்றவர்களுக்கு இக்கரையில் வாக்கில்லை. அக்கரைத் தேர்தலில் வாக்களிக்கவும் வழியில்லை. இரு ஜனநாயகங்களுக்கு நடுவே, எதற்கும் பிரஜையாகாமல், இங்கேயே பிறந்து இங்கேயே முதுமையை நோக்கி நகர்கின்ற ஒரு தலைமுறையை வைத்துக்கொண்டு, நாம் அடுத்த நாட்டின் ஜனநாயகத்தை அளக்கிறோம்.

இறுதியாக, இக்கடற்கரைக்கு உரிய ஒன்று. கோட்டைப்பட்டினத்து மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றால் நம் நாளிதழ்களில் அது செய்தியாகிறது, ஆக வேண்டியதே. போர்க் காலத்தில் நெடுநாள் கடலில் இறங்கவே தடை விதிக்கப்பட்டிருந்த வடபுலத் தமிழ் மீனவன், 2009க்குப் பின் கடன் வாங்கி வலை வாங்கி மீண்டும் கடலுக்குச் சென்றபோது, இக்கரையிலிருந்து சென்ற இழுவைப் படகுகளால் அவ்வலைகள் அறுபட்டதையும், கடலின் அடித்தளம் வாரியெடுக்கப்படுவதையும் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் ஓயாது எழுதி வருகின்றன. இழுவை மடித் தொழிலை இலங்கைப் பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டில் முற்றாகத் தடை செய்தது; அத்தடையை வேண்டி நின்றவர்களுள் அத்தமிழ் மீனவரும் உண்டு. இச்செய்தி நம் பத்திரிகைகளில் எத்தனை முறை வந்திருக்கிறது? படகு உரிமையாளனின் கடனையும், அதில் கூலிக்குப் போகும் ஏழையின் சிறைவாசத்தையும் நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆயின் ஒரே மொழி பேசும் இரு கரைக் கடற்றொழிலாளரும் ஒருவர் துயரை மற்றவர் அறியாமல், இரு அரசுகளும் சொல்வதை மட்டும் கேட்டுப் பகைத்து நிற்பதற்கு, ஒரு கரையின் பத்திரிகையை மறுகரையார் வாசியாமையும் ஒரு காரணம். குண்டு துளைத்த சுவருக்குள்ளிருந்து அச்சாகி வந்த எழுத்து, அதே மொழியை வாசிக்கும் நம்மை வந்து சேராமலிருப்பதற்குத் தடைச் சட்டம் ஏதும் இல்லை. நம் அசிரத்தை ஒன்றே தடை.

ஆகவே அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். இச்சொற்பொழிவுக்கென எனக்கு அளிக்கப்பட்ட தொகையை அவர்களிடமே திருப்பித் தருகிறேன். அதனைக் கொண்டு 'உதயன்', 'வலம்புரி', 'வீரகேசரி' முதலான அந்நாட்டுத் தமிழ் ஏடுகளை, அச்சுப் பிரதியாகத் தருவிக்க முடிந்தால் அவ்வாறும், முடியாவிடின் இணையத்திலிருந்து படியெடுத்தும், இவ்வூர் வாசகர்களுக்கும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர் கூடும் இடங்களுக்கும் வாரந்தோறும் கிடைக்கச் செய்ய வேண்டும். ஒருவரும் எடுத்து வாசிக்கவில்லை என்ற காரணத்தால் முதல் ஆண்டிலேயே அதனை நிறுத்திவிட வேண்டாம்.